சின்ன ரோஜா: 42 ரிப்பன் பூக்களும் ஒரு சொல்லும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ரவிக்கை, பாவாடை, பள்ளிப் பினஃபோர், தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் பஞ்சாபி சூட். ரிப்பனில் பூ செய்து கொடுத்தது இல்லை. சென்ற மாதம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து புலனத்தில் ஒரு செய்தி வந்தது: "அக்கா, விளையாட்டுப் போட்டிக்கு ரோசெட் 36 வேண்டும். இல்லத் தலைவர்களுக்குப் பெரியதாக 4. இந்த வருஷம் பிளாஸ்டிக் பதக்கம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். செய்ய முடியுமா?"

ரோசெட் என்றால் என்ன என்று கேட்டேன். படம் வந்தது. ரிப்பனை வட்டமாக மடித்துப் பூப்போல ஆக்கி, நடுவில் எண் போட்டு, கீழே இரண்டு வால் தொங்கவிட்ட அலங்காரம். தொலைக்காட்சியில் குதிரைக் காட்சிகளில் வென்ற குதிரையின் தலையோரத்தில் குத்துவார்களே, அது. இங்கிலாந்தில் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் கட்சி நிறத்தில் சட்டையில் அணிவதும் அதுவே. பார்த்திருக்கிறேன், பெயர்தான் தெரியாமல் இருந்தது.

உடனே சரி என்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, மூன்றாம் ஆண்டில், சாக்கு ஓட்டத்தில் நான் மூன்றாவதாக வந்தேன். அப்போது பரிசு என்றால் ஒரு பென்சில் பெட்டியும், சட்டையில் குத்தும் ஒரு ரிப்பன் துண்டும். எனக்கு முன் நின்ற இருவருக்கும் குத்தினார்கள். என்னிடம் வந்தபோது ரிப்பன் தீர்ந்துவிட்டது. நாளைக்குத் தருகிறோம் என்றார்கள், தரவில்லை. அம்மா பால்வெட்டு முடித்து வந்து "எங்கே, காட்டு" என்று கேட்டது நினைவிருக்கிறது. பென்சில் பெட்டியைக் காட்டினேன். அதனால் இந்த முறை 36 கேட்டால் 42 செய்வது என்று துணி எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். 12 போட்டி, மூன்று இடம், ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கூடுதல்.

முதல் சிக்கல் நிறத்தில் வந்தது. பிரிட்டனில் குதிரைக் காட்சிகளில் முதல் பரிசு சிவப்பு, இரண்டாவது நீலம், மூன்றாவது மஞ்சள். அமெரிக்காவில் முதல் பரிசு நீலம், இரண்டாவது சிவப்பு, மூன்றாவது மஞ்சள். ஒரு நாட்டில் வென்றவர் அணிவதை அடுத்த நாட்டில் இரண்டாவதாக வந்தவர் அணிகிறார். எங்கள் பள்ளியிலோ சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று பிள்ளைகளைப் பிரித்த நான்கு விளையாட்டு இல்லங்கள். நீல இல்லத்துப் பிள்ளைக்குச் சிவப்புப் பூவைக் குத்தினால் ஒத்துக்கொள்ளுமா? எந்த இல்லத்துக்கும் சேராத நிறங்களாகப் பார்த்தேன். முதல் இடத்துக்கு ஊதா, இரண்டாவதுக்கு ரோஸ், மூன்றாவதுக்கு ஆரஞ்சு. இடத்தைச் சொல்ல நிறத்தை மட்டும் நம்பாமல் நடுவில் எண்ணும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

ரிப்பன் வாங்கப் பழைய பெரிய சாலையில் இருக்கும் சீனக் கடைக்குப் போனேன். "லேபார் பெராபா?" என்று ஆன்ட்டி அகலம் கேட்டார். ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர். ஒரு சுருளில் 25 கெஜம், ஏறக்குறைய 22.9 மீட்டர். ஒரு நிறத்துக்கு ஒரு சுருள் தாராளமாகப் போதும். இரண்டு வகை காட்டினார். ஒன்று வரிவரியாகக் கொஞ்சம் விறைப்பாக இருப்பது, குரோகிரேன். மற்றது வழவழப்பான சாட்டின். மடிப்பு நிற்க வேண்டுமானால் வரி போட்டதுதான் நல்லது, கையில் வழுக்காது. ஆனால் வெயிலில் திடலில் நிற்கும் பிள்ளைக்கு மினுமினுப்புத்தான் பிடிக்கும். சாட்டினையே எடுத்தேன். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் வரி ரிப்பனைத்தான் சொல்வேன்.

சாட்டின் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சீனாவின் குவான்சோ துறைமுகத்தை அரபு வணிகர்கள் ஸைத்தூன் என்று அழைத்தார்கள். அங்கிருந்து கப்பலேறிய பட்டு ஸைத்தூனி. அதுவே ஐரோப்பாவில் சாட்டின் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதே குவான்சோவில், 1281ஆம் ஆண்டில் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நம் ஊர்ச் சீனக் கடையில் சாட்டின் சுருளைத் தூக்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்தத் துறைமுகம் நினைவுக்கு வரும்.

அன்று இரவே ஒன்று செய்து பார்த்தேன். காகித விசிறி செய்வதுபோல் ரிப்பனை முன்னும் பின்னுமாக மடித்து, இரண்டு முனையையும் சேர்த்து, அட்டையில் சூட்டுப் பசையால் ஒட்டினேன். நன்றாக வரவில்லை. நடுவில் ஓட்டை விரிந்துகொண்டே போனது. மடிப்புகள் ஆரக்கால்போல விறைத்து நின்றன. அளவும் பெரிது, 12 சென்டிமீட்டருக்கு மேல். நான்காம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள் அதைச் சட்டையில் வைத்துப் பார்த்தாள். பாதி நெஞ்சு மறைந்தது. "சைக்கிள் சக்கரம் மாதிரி இருக்கு அத்தை" என்றாள். அவள் சொன்னது சரி.

இரண்டாவதாகப் பினஃபோர் பழக்கத்தில் பாக்ஸ் பிளீட் வைத்தேன். ஒரு மடிப்பு இடப்பக்கம், ஒரு மடிப்பு வலப்பக்கம், இரண்டும் முதுகில் சந்திக்கும். பாவாடைக்கு அழகாக நிற்கும் மடிப்பு இது. வட்டத்தில் வளைத்தால் நடுப்பக்கம் துணி மேல் துணி ஏறித் தடித்துவிடுகிறது. மேலே வைத்த எண் அட்டை ஆடியது. மூன்றாவதில் மடிப்பைத் தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியின் சூடு அதிகமாகி ரிப்பன் சுருங்கிப் போனது. பாலியஸ்டர் சாட்டினுக்கு மிகக் குறைந்த சூடுதான், அதுவும் மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத்தான். இது எனக்குத் தெரியும். அவசரத்தில் செய்துவிட்டேன்.

அந்த மூன்றையும் மேசையில் வைத்துவிட்டு, நாம் செய்வது என்ன பொருள், அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று தேட உட்கார்ந்தேன். தைக்கிறவளுக்குச் சொல் ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றலாம். என் அனுபவத்தில் ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தவர் பெரும்பாலும் அதன் வடிவத்தை நன்றாகப் பார்த்தவராகத்தான் இருப்பார்.

ரோசெட் பிரெஞ்சுச் சொல். ரோஸ் என்றால் ரோஜா. அதன் வாலில் இருக்கும் 'எட்' சின்னது என்று சொல்லும் விகுதி. அப்படியானால் ரோசெட் என்பது சின்ன ரோஜா. இந்த 'எட்' நமக்குத் தெரியாத ஒன்று இல்லை. சின்னச் சுருட்டு சிகரெட். சின்னப் பெட்டி கேசட். டாய்லெட்கூட முதலில் சின்னத் துணி என்றுதான் பொருள்பட்டது, துவால் என்றால் துணி. ஒப்பனை மேசையில் விரித்த துணியின் பெயர் மேசைக்கும், ஒப்பனைக்கும், அறைக்கும் ஏறி, கடைசியில் கழிவறையில் போய் நின்றது.

ஆங்கிலத்தில் ரிப்பன் அலங்காரத்துக்கு ரோசெட் என்ற பெயர் 1790 அளவில் எழுத்தில் வருகிறது. அதற்குச் சற்று முன்னால், 1789இல், பாரிஸ் தெருக்களில் புரட்சிக்காரர்கள் தொப்பியில் ரிப்பன் வட்டம் குத்திக்கொண்டு நடந்தார்கள். பாரிஸ் நகரத்தின் நீலமும் சிவப்பும், அரசரின் வெள்ளையும் சேர்ந்த மூவண்ணம். அதற்கு அவர்கள் சொன்ன பெயர் கோகார்ட், சேவலைக் குறிக்கும் கோக் என்ற சொல்லிலிருந்து வந்தது, தொப்பியில் சேவல் கொண்டைபோல நிற்பதால். இரண்டும் மடித்த ரிப்பன்தான், பார்வைக்குச் சில சமயம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கோகார்ட் நீ எந்தப் பக்கம் என்று சொல்ல அணிவது. பின்னாளில் பரிசு என்ற பொருள் வந்து சேர்ந்தது ரோஜாவிடம்தான்.

இந்த ரோஜா என்ற சொல்லே நீண்ட தூரம் நடந்தது. லத்தீனில் ரோசா, கிரேக்கத்தில் ரோதோன். அதற்கும் முன்னால் பழைய ஈரானிய மொழியில் 'வர்த' என்பதுபோன்ற ஒரு சொல் இருந்ததாக மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். அரபியில் ரோஜாவுக்கு வர்த். பாரசீகத்தில் அதே பழஞ்சொல் உருமாறி குல் ஆனது. நம் நாட்டுக்கு இது எப்படி வந்தது என்று பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மலாயில் ரோஜாவுக்கு இரண்டு பெயர்: ரோஸ், மாவார். ரோஸ் ஆங்கிலத்தில் இருந்து. மாவார் அரபியிலிருந்து: 'மா' தண்ணீர், 'வர்த்' ரோஜா. அதாவது பன்னீர். பன்னீரின் பெயரே பூவுக்கு வந்துவிட்டது. இந்தியில் குலாப் என்கிறார்கள். பாரசீகத்தில் குல் ரோஜா, ஆப் தண்ணீர். அதுவும் பன்னீர்தான்! பூவைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மக்களுக்குப் பன்னீர்ச் செம்பு வந்து சேர்ந்திருக்கும்போல என்று எனக்குத் தோன்றுகிறது. குலாப் ஜாமூனில் இருப்பதும் அந்தப் பன்னீரே. ரோசெட், ரோஸ், மாவார், குலாப், பார்க்க நான்கு சொல், ஆழத்தில் ஒரே வேர். நாம் இளஞ்சிவப்பை ரோஸ் என்று சொல்கிறோமே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். என் மேசையில் இரண்டாம் பரிசுக்கு வைத்திருந்த சுருள் அந்த நிறம்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. தீபாவளிக்கு நாம் சுடும் அச்சு முறுக்குக்கு மலாயில் கூயே ரோஸ் என்றும் ஒரு பெயர் உண்டு. அதே அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விடும் பலகாரத்தை மேல்நாட்டில் ரோசெட் என்றே சொல்கிறார்கள். சிறுத்தையின் உடம்பில் இருக்கும் வட்டப் புள்ளிக்கும் அதே பெயர். தரையோடு வட்டமாக இலை விரிக்கும் செடியின் அமைப்புக்கும் அதே பெயர். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அடுக்கடுக்காக விரிவது. அந்தச் சொல் ஓடும் இடமெல்லாம் இந்த வடிவம் கூடவே வருகிறது.

இப்போது மேசையில் கிடந்த மூன்றையும் மறுபடி பார்த்தேன். பிழை புரிந்தது. ரோஜாவின் இதழ்கள் ஆரக்கால்போல நிற்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று, ஒரே பக்கமாகச் சாய்ந்து, பாதியை மறைத்தபடி சுற்றி வரும். நடுவில் நெருக்கம், விளிம்பில் விரிவு. ஒரே சுற்றில் முடியாது, உள்ளே இன்னொரு சுற்று இருக்கும். அப்புறம், அது சின்னது. பெயரே சின்னது என்று சொல்லும்போது நான் 12 சென்டிமீட்டரில் செய்துகொண்டிருந்தேன்.

இனி வேலை. ஒரே பக்கமாகச் சாய்கிற மடிப்பு நமக்குப் புதிதில்லை, சேலைக் கொசுவம்தான் அது. ரிப்பனின் பின்பக்கம் விளிம்போரமாகத் தையல் சாக்பீஸால் 3 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தேன். ஒவ்வொரு 3 சென்டிமீட்டரிலும் 1 வெளியே தெரியும், 2 உள்ளே மடங்கும். அதனால்தான் எந்த வட்டத்துக்கும் அதன் சுற்றளவைப் போல மூன்று மடங்கு ரிப்பன் வேண்டும். நான் எடுத்துக்கொண்ட உள்வட்டம் 4 சென்டிமீட்டர் விட்டம். சுற்றளவு 12.6. அதற்கு 13 மடிப்பு, 39 சென்டிமீட்டர், முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற 1 சேர்த்து 40. ரிப்பனின் அகலம் இரண்டு பக்கமும் கூடும்போது பூவின் மொத்த விட்டம் 9 சென்டிமீட்டர். பிள்ளைகளின் சட்டைப் பைக்கு மேல் கச்சிதமாக உட்காரும்.

உள் அடுக்கின் வட்டம் 2.5 சென்டிமீட்டர் விட்டம். 8 மடிப்பு, 24 சென்டிமீட்டர், 1 சேர்த்து 25. வெள்ளை. இதன் விளிம்பு 7.5 சென்டிமீட்டரில் முடியும், வெளி அடுக்கின் நிறம் சுற்றிலும் முக்கால் சென்டிமீட்டர் தெரியும். வால்களுக்கு ஒரே துண்டு 30 சென்டிமீட்டர், நடுவில் சற்றுக் கோணலாக மடித்தால் இரண்டு வால். ஆக ஒரு பூவுக்கு 95 சென்டிமீட்டர் ரிப்பன்.

மடித்த ஒவ்வொன்றையும் குண்டூசியால் பிடித்து வைத்து, ஒரு பக்க விளிம்பில் இருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே ஓட்டுத் தையல். இரட்டை நூல். எல்லாம் தைத்து முடித்த பிறகு மெதுவாக நூலை இழுத்தால் மடிப்புகள் தாமாகவே வளைந்து வட்டத்துக்கு வரும். தைத்த பக்கம் நெருங்கும், தைக்காத பக்கம் விரியும். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கையில் ஒரு நேர்க்கோடாக இருந்தது இரண்டு நொடியில் பூவாகிவிடும். நூலை அதிகம் இழுக்கக் கூடாது, இழுத்தால் குவிந்து கிண்ணம்போல ஆகிவிடும். அட்டை வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். எல்லா அடுக்கும் ஒரே பக்கம் சாயட்டும், வெளி அடுக்கு வலப்பக்கமும் உள் அடுக்கு இடப்பக்கமும் சாய்ந்தால் கண்ணுக்கு உறுத்துகிறது. உள் அடுக்கை வைக்கும்போது அதன் மடிப்பு வெளி அடுக்கின் இரண்டு மடிப்புக்கு நடுவில் விழும்படி கொஞ்சம் திருப்பி வையுங்கள். ரோஜாவில் அப்படித்தான் இருக்கும், வாசலில் ஒரு பூவைப் பறித்துப் பார்த்துத்தான் செய்தேன்.

வால் முனையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து சாய்வாக வெட்டினால் மீன்வால் கிடைக்கும். வெட்டிய விளிம்பு நூல் பிரியாமல் இருக்க மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில் ஒரு நொடி காட்ட வேண்டும், சுடருக்குள் விட்டால் கருகிவிடும்.

முதலாவது சரியாக வந்தபோது அண்ணன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சொல்லின் பொருள் எதையும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஐ, ரிப்பன் ரோஜா!" என்றாள். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அப்புறம் ஒரு விபத்து. அட்டையோடு பூவை ஒட்டுவதற்கும், எண் வட்டத்தை நடுவில் பதிப்பதற்கும் சூட்டுப் பசைதான் பயன்படுத்தினேன், வேகமாக முடியும் என்பதற்காக. பத்துப் பூ ஆனதும் தலைமையாசிரியரிடம் காட்ட எடுத்துப்போனேன். அவர் கூட்டத்தில் இருந்தார். பெட்டியைக் காடியிலேயே வைத்துவிட்டு ஒன்றரை மணிநேரம் காத்திருந்தேன். நல்ல வெயில். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் எண் வட்டங்கள் நழுவிக் கிடந்தன, இரண்டு பூவில் வால்கள் கழன்றே விட்டன. வெயிலில் மூடி நிற்கும் காடிக்குள் சூடு 60 பாகையைத் தாண்டிப் போகும். குறைந்த சூட்டில் உருகும் பசைக் குச்சிகள் அந்தச் சூட்டுக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். நம் ஊர்த் திடலில் நாள் முழுக்கப் பிள்ளைகளின் நெஞ்சில் இருக்கப்போகும் பொருளுக்கு இந்தப் பசை சரிப்படாது. பத்தையும் பிரித்துத் தைத்தேன். இரண்டு அடுக்கையும் வாலையும் அட்டையோடு சேர்த்து, நடுவில் கூட்டல் குறிபோல நான்கு தையல். எண் வட்டத்தைத் துணியில் பொதிந்து, பொத்தான்போல ஆக்கி, அதையும் தைத்தேன். பின்னால் கம்பளித் துணி வட்டம், அதில் ஊக்கு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஊக்கு வேண்டாம் என்று கழுத்தில் மாட்டும் நாடா வைத்தேன். பசையில் ஒன்றுக்கு இருபது நிமிஷம் ஆனது, தையலில் நாற்பது. ஆகட்டும்.

இல்லத் தலைவர்களின் நான்கு பூவுக்கு வெளியே 38 மில்லிமீட்டர் ரிப்பனில் இன்னோர் அடுக்கு. 5 சென்டிமீட்டர் உள்வட்டம், 16 மடிப்பு, 49 சென்டிமீட்டர். செய்முறை அதேதான்.

இரவில் தைத்துக்கொண்டிருக்கும்போது பிரான்ஸ் நாட்டு விருது ஒன்றைப் பற்றிப் படித்தது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நெப்போலியன் 1802இல் ஏற்படுத்திய லெஜியோன் தோனர். அதில் ஐந்து நிலைகள். கீழிருந்து முதல் நிலையில் இருப்பவர் ஷெவாலியே, அவர் பதக்கம் வெறும் சிவப்பு நாடாவில் தொங்கும். அடுத்த நிலை ஒஃபிசியே. அதே சிவப்பு நாடா, ஆனால் அதன் மேல் ஒரு ரோசெட் இருக்கும். கோட்டு மடிப்பில் அன்றாடம் அணியும் அடையாளமும் அப்படியே: கீழ்நிலைக்கு மெல்லிய நாடா, மேல்நிலைக்கு மடித்த சின்ன ரோஜா. தங்கமோ கல்லோ கூடுதலாகச் சேர்த்து மட்டும் உயர்வைக் காட்டவில்லை. அதே துணியை ஒருவர் கையால் மடித்திருக்கிறார், அதுவும் ஒரு உயர்வு. தையல் வேலை செய்கிற எனக்கு அந்தச் செய்தி எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. நீள ரிப்பனாகக் கொடுத்தால் 95 சென்டிமீட்டர் துணி. மடித்துக் கொடுத்தால் உனக்காக ஒருவர் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

எல்லாம் முடியும் தறுவாயில் பள்ளியில் இன்னொரு கேள்வி எழுந்தது. நிகழ்ச்சி அறிக்கையில் இதற்குத் தமிழில் என்ன பெயர் போடுவது? ஒருவர் நாடா மலர் என்றார். ஒருவர் ரோசெட் என்றே போடலாம் என்றார். எங்கள் வரிசையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவிடம் கேட்டேன். அவர் பூ ஒன்றைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாரும்மா, செய்த பூவைப் பரிசாகக் கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. சங்க காலத்தில் பாணனுக்குப் பொன்னால் தாமரை செய்து தலையில் சூட்டினார்கள். குளத்தில் பூக்காத தாமரை. போரில் ஜெயித்தவன் வாகைப் பூவைச் சூடினான். அதனால்தான் இன்றைக்கும் வாகை சூடினான் என்கிறோம். இதற்கு வாகை மலர் என்று பெயர் வையுங்கள்" என்றார்.

அவர் சொன்ன பொன் தாமரை என்னை நிறுத்திவிட்டது. பாணனும் தோட்டத்துப் பிள்ளையும் ஒன்றுதானே, உழைப்புக்குக் கைமாறாக வாடாத ஒரு பூ. ஆனால் பெயர் விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம். வாகைப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? இதழ் அடுக்கே கிடையாது, பஞ்சுபோல மெல்லிய இழைகள் குஞ்சமாக நிற்கும். இந்தப் பூ அந்தப் பூ இல்லை. மூன்றாம் பரிசு வாங்கிய பிள்ளைக்கு வாகை என்று சொன்னால், அது வெற்றிக்கான சொல், அந்தப் பிள்ளையே சந்தேகப்படும். "ஐயா, என் அண்ணன் மகள் ஏற்கனவே ஒரு பெயர் வைத்துவிட்டாள், ரிப்பன் ரோஜா என்கிறாள்" என்றேன். ரோசெட்டின் பொருளையும் சொன்னேன், மாவார், குலாப் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அந்தப் பிள்ளை மொழிபெயர்க்கவில்லை, பிரெஞ்சுக்காரன் பார்த்ததையே பார்த்திருக்கிறது. அதையே போடுங்கள்" என்றார்.

அறிக்கையில் அப்படியே வந்தது: முதல் மூன்று இடங்களுக்கு ரிப்பன் ரோஜா அணிவிக்கப்படும்.

போட்டி நாளில் கோணிப்பை ஓட்டத்தில் மூன்றாம் இடத்துக்கு இருவர் ஒன்றாக வந்துவிட்டார்கள். நடுவர் இரண்டு தடவை பார்த்தும் பிரிக்க முடியவில்லை. கூடுதலாக வைத்திருந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மதியம் இன்னொரு கூடுதல் போனது, நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் வென்ற பூவோடு தண்ணீர்க் குழாய்க்குக் கீழே நின்றுவிட்டான். அட்டை ஊறி வளைந்துவிட்டது. அடுத்த முறை அட்டைக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் கோப்பு அட்டையை வெட்டிப் போட வேண்டும், இதைக் குறித்து வைத்திருக்கிறேன். மற்ற எல்லாம் மாலை வரை உதிராமல் இருந்தன.

மீதி நான்கு பூவையும், அட்டை அச்சுகளையும், மிச்ச ரிப்பனையும் ஓர் உறையில் போட்டுப் பள்ளி அலமாரியில் வைக்கக் கொடுத்துவிட்டேன். உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: ரிப்பன் ரோஜா, வெளியே 13 மடிப்பு, உள்ளே 8, ஒரே பக்கம் சாயணும், பசை வேண்டாம்.